இளங்குதிரைக்கு ஏற்ற போட்டி எது? உயரக்கோல் சொல்லாது, பல் சொல்லும்

மாட்டுக்குப் பல் பார்க்கத் தெரியாத விவசாயி தமிழ்நாட்டில் இல்லை. சந்தையில் காளையின் தாடையைத் திறந்து, பால் பல்லா, இரண்டு பல்லா, நான்கு பல்லா, கடை சேர்ந்ததா என்று பார்த்த பிறகுதான் விலையே பேசுவார். பால் பல் விழாத கன்றின் கழுத்தில் நுகத்தடி வைக்க அவருக்கு மனம் வராது. ஆனால் அதே விவசாயி ஒரு குதிரைக் குட்டியை வாங்கி வளர்த்தால், அது தோளுயரம் வந்தவுடன் சேணம் போட்டு ஆளை ஏற்றிவிடுகிறார். அடுத்த மாதமே ஏதாவதொரு திருவிழாப் போட்டியில் அதன் பெயரைக் கொடுத்துவிடுகிறார். மாட்டுக்குக் காட்டும் நிதானம் குதிரைக்கு இல்லாமல் போவது ஏன் என்பது சிந்திக்க வேண்டிய விஷயம்.

குதிரை வைத்திருக்கும் சிறு விவசாயிகள் இன்று எண்ணிக்கையில் குறைவுதான். 2019-ஆம் ஆண்டுக் கால்நடைக் கணக்கெடுப்பின்படி நாடு முழுவதிலும் குதிரைகளும் மட்டக் குதிரைகளும் சேர்ந்து சுமார் 3 லட்சத்து 40 ஆயிரமே. 2012-ஆம் ஆண்டுக் கணக்கைவிட இது 45 சதவீதத்துக்கும் மேல் குறைவு. எஞ்சியிருப்பவை பெரும்பாலும் கல்யாண ஊர்வலத்துக்கும், கோயில் விழாவுக்கும், கடற்கரைச் சவாரிக்கும், பந்தயத்துக்கும் வளர்க்கப்படுபவை. மீஞ்சூர், பொன்னேரி, சோழவரம் பக்கம் ஒன்றிரண்டு ஏக்கர் வைத்திருக்கும் ஒருவர், ராயபுரம், திருவொற்றியூர் ஊர்வலங்களை நம்பி ஒரு குட்டியை வாங்கி வளர்த்தால், அதுவே அவருடைய சேமிப்பு முழுவதும் ஆகலாம். ஆகவே, அதை முதன்முதலில் எந்தப் போட்டியில் இறக்குவது என்பது பொழுதுபோக்கான கேள்வி அல்ல. குடும்ப வருமானத்தைப் பற்றிய கேள்வி.

கரையில் இறங்கிய குதிரைகள்

கடல் வழியாகக் குதிரை வந்து இறங்கியது தமிழகத்துக்குப் பழைய செய்தி. பட்டினப்பாலை அதைச் சொல்கிறது. சென்னைத் துறைமுகம் கட்டப்படுவதற்கு முன்பே, 1834-ஆம் ஆண்டில், ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த குதிரைகளைச் சென்னைக் கரையில் இறக்கும் காட்சியை ஓர் ஓவியர் வரைந்திருக்கிறார். கட்டுமரமும் மசூலாப் படகும் அந்தப் படத்தில் இருக்கின்றன. நியூ சவுத் வேல்ஸ் பகுதியிலிருந்து வந்ததால் இந்தக் குதிரைகளுக்கு 'வேலர்' என்றே பெயர் வழங்கிற்று.

ஆனால் இந்த வரலாற்றில் ஒரு கசப்பான பாடமும் உண்டு. 13-ஆம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டிய நாட்டுக்கு வந்த மார்க்கோ போலோ, இங்குள்ள அரசர்கள் ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கில் குதிரைகளை வாங்கினார்கள் என்றும், ஆண்டு முடிவில் அவற்றில் மிகச் சிலவே எஞ்சின என்றும் எழுதியிருக்கிறார். பேணத் தெரிந்த ஆள் இல்லாததே காரணம் என்பது அவர் கருத்து. பெரும் பணம் கொடுத்து வாங்கிய குதிரையைப் பக்குவம் தெரியாமல் இழப்பது அரசருக்கே நட்டம். சிறு விவசாயிக்கு அது மீள முடியாத நட்டம்.

உயரம் முந்தும், எலும்பு பிந்தும்

தமிழ்நாட்டில் குதிரை வண்டிப் பந்தயங்களை நடத்துகிறவர்கள் பெரும்பாலும் உயரத்தை வைத்தே பிரிவு பிரிக்கிறார்கள். பெரிய குதிரை, நடுக்குதிரை, சிறிய குதிரை என்பது ஒரு வகை. 43 அங்குலம், 45 அங்குலம் என்று அளந்து பிரிப்பது இன்னொரு வகை. 'புதுக்குதிரை' என்று தனிப்பிரிவு வைக்கும் ஊர்களும் உண்டு. ஆனால் அந்தப் புதுமை போட்டிக்குப் புதிது என்பதுதான். வயதில் இளையது என்று அதற்குப் பொருள் இல்லை.

இந்த முறையின் குறை என்னவென்றால், குதிரையின் உயரம் அதன் வயதைக் காட்டாது என்பதே. இரண்டு வயதுக் குட்டி தன் முழு உயரத்தில் ஏறக்குறைய 95 சதவீதத்தை எட்டிவிடுகிறது. உயரக்கோலை வைத்துப் பார்த்தால் இரண்டு வயதும் எட்டு வயதும் ஒரே குதிரையாகத் தெரியும். உள்ளே இருக்கும் எலும்போ வேறு கதை சொல்கிறது.

எலும்பின் நுனியில் வளரும் குருத்துப் பகுதி முற்றி மூடிக்கொண்ட பிறகுதான் அந்த எலும்பு முழுப் பாரம் தாங்கும். முன்னங்காலில் முழங்காலுக்குக் கீழே உள்ள நீண்ட எலும்பு ஓராண்டுக்குள் முற்றிவிடும். முழங்காலுக்கு மேலே உள்ள எலும்பின் கீழ்நுனி முற்ற இரண்டு முதல் இரண்டரை ஆண்டுகள் ஆகும். சேணமும் ஆளும் அமரும் முதுகெலும்போ எல்லாவற்றிலும் பிந்தியது. அது முழுவதும் முற்ற ஐந்து ஆண்டுகள், சில குதிரைகளில் அதற்கு மேலும் ஆகும். ஆக, ஆளைச் சுமக்க வேண்டிய எலும்புதான் கடைசியில் தயாராகிறது. கண்ணுக்குத் தெரிகிற உயரத்தை நம்பி ஆளை ஏற்றினால், கண்ணுக்குத் தெரியாத முதுகு அதற்கு விலை கொடுக்கிறது.

பல் வரிசைப்படி போட்டி

குதிரையின் வெட்டுப்பற்கள் முளைப்பதில் ஓர் ஒழுங்கு உண்டு. நடுவில் உள்ள இரண்டு நிலைப்பற்கள் சுமார் இரண்டரை வயதிலும், அவற்றை அடுத்தவை மூன்றரை வயதிலும், கடைப்பற்கள் நான்கரை வயதிலும் முளைக்கும். ஐந்து வயதில் வாய் நிறைந்துவிடும். தீவனத்தையும் இனத்தையும் பொறுத்துச் சில மாதங்கள் முன்பின் ஆகலாம். ஆனாலும் ஐந்து வயதுவரை பல்லைவிட நம்பகமான சாட்சி வேறில்லை. இதை வைத்துப் போட்டிகளைப் பின்வருமாறு தேர்ந்தெடுப்பது நல்லது.

பால் பல் குட்டி: இதன் முதுகில் ஆள் ஏறும் எந்தப் பிரிவும் வேண்டாம். கையில் பிடித்து நடத்திக் காட்டும் பிரிவு இருந்தால் அதில் மட்டும் கொண்டுபோகலாம். கூட்டத்தில் நிதானமாக நிற்பது, காலைத் தூக்கிக் காட்டுவது, பிடிகயிற்றுக்கு அடங்கி நேராக நடப்பது ஆகிய மூன்றையும் கற்றுக்கொண்டால் அந்த ஆண்டுக்குப் போதும்.

இரண்டு பல்: இதுவும் பழக்கும் ஆண்டுதான். நீண்ட வாரைப் பிடித்துப் பின்னால் நடந்தே ஓட்டிப் பழக்கலாம். சேணத்தைக் கட்டி வெறுமனே நடத்தலாம். மூன்று வயது நிறைந்த பிறகு, எடை குறைந்த ஆளை ஏற்றிச் சில நிமிடங்கள் நடக்க விடலாம். இந்த வயதில் கடைவாய்ப் பற்களின் பால் மூடிகளும் கழன்று விழும், ஈறு வலிக்கும். சில குட்டிகளுக்குக் கடிவாளக் கம்பி படும் இடத்திலேயே சிறு பல் ஒன்று முளைத்திருக்கும். குதிரை தலையை உதறினால் அதைத் திமிர் என்று நினைத்து அடிப்பதற்கு முன், வாயைத் திறந்து பார்ப்பது அவசியம். சவாரிப் போட்டிக்கு இது வயதல்ல.

நான்கு பல்: ஆள் ஏறிக் காட்டும் முதல் பிரிவுக்கு இதுவே உகந்த காலம். நடையும் ஓட்டநடையும் மட்டும் கேட்கும் பிரிவாக அது இருக்க வேண்டும். ஒரு நாளைக்கு ஒரே பிரிவு. பாய்ச்சல், தாண்டுதல், நீண்ட தூரம், வண்டிப் பந்தயம் ஆகியவை வேண்டாம்.

கடைப்பல் சேர்ந்தது: ஐந்து வயதுக்குப் பிறகு, முறையாகப் பழகியிருந்தால், பாய்ச்சல் உள்ள பிரிவுகளிலும் பந்தயத்திலும் படிப்படியாக இறக்கலாம்.

இடையில் ஓர் எச்சரிக்கை. குட்டியைக் கொட்டகையிலேயே கட்டிவைத்து ஐந்து வயதுவரை காத்திருப்பதும் தவறு. தினமும் மண் தரையில் ஓடியாடும் குட்டியின் எலும்புதான் உறுதிப்படும். வேண்டாம் என்பது பாரமும், கெட்டித் தரையும், நீண்ட பாய்ச்சலும்தான், நடமாட்டம் அல்ல.

பெயர் கொடுக்கும் முன் கேட்க வேண்டியவை

பரிசு எவ்வளவு என்பது பலரும் கேட்கும் முதல் கேள்வி. அது கடைசிக் கேள்வியாக இருக்க வேண்டும். அதற்கு முன் கேட்க வேண்டியவை ஐந்து.

ஒன்று, தரை எப்படி? தார்ச்சாலையா, மண்ணா, புல்லா? கெட்டித் தரையில் ஓடிய இளங்குதிரைக்கு முழங்காலுக்குக் கீழே உட்பக்கத்தில் எலும்பு புடைத்துக்கொள்வது வழக்கமாகக் காணும் கோளாறு.

இரண்டு, ஒரே நேரத்தில் களத்தில் எத்தனை குதிரைகள்? முதல் ஆண்டில் ஐந்தாறு குதிரைகளுக்கு மேல் உள்ள கூட்டம் வேண்டாம். பின்னால் வரும் குதிரையின் காலடி ஓசைக்கே மிரண்டு ஓடிய குட்டி, அந்த மிரட்சியை லேசில் மறக்காது.

மூன்று, எவ்வளவு நேரம்? பிரிவு நடப்பது பத்து நிமிடமாக இருந்தாலும், வெயிலில் காத்திருப்பது மூன்று மணி நேரமாக இருக்கலாம்.

நான்கு, எந்தக் கடிவாளம்? இங்கிலாந்துக் காட்சிகளில் புதிய குதிரைகளுக்கான பிரிவுகளில் எளிய ஒற்றைக் கம்பிக் கடிவாளம் போதும். தேர்ந்த குதிரைகளின் பிரிவில்தான் இரட்டைக் கடிவாளத்தைப் பார்க்கலாம். இளவாய்க்குக் கடுமையான கடிவாளம் தேவைப்படுகிறது என்றால், அந்தக் குதிரை அந்தப் பிரிவுக்கு இன்னும் பழகவில்லை என்றே கொள்ள வேண்டும்.

ஐந்து, ஏறப்போவது யார்? அதே இங்கிலாந்தில் சில பிரிவுகளில் நடுவரே ஒவ்வொரு குதிரையிலும் ஏறிப் பார்ப்பார். இங்கேயோ விழாவுக்கு வந்த முக்கியஸ்தரை ஏற்றிப் படம் எடுக்கும் பழக்கம் இருக்கிறது. பழகாத ஆள் ஏறும் இடத்துக்கு முதல் ஆண்டுக் குதிரையைக் கொண்டுபோகக் கூடாது.

அனுமதி வாங்காமல் பொதுச் சாலையில் நடத்தும் பந்தயங்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. அங்கே குதிரைக்கும் ஆபத்து, ஆளுக்கும் ஆபத்து, வழக்கும் வரும். பிற்பாடு நாட்டியக் குதிரை என்று விற்கலாம் என எண்ணி, பால் பல் குட்டியைப் பின்னங்காலில் நிற்கப் பழக்குவதும் இதே ரகம்தான். இளம் மூட்டுகள் அதைத் தாங்கா.

எடைக் கணக்கு

தராசு இல்லாமலே குதிரையின் எடையை ஏறத்தாழக் கண்டுபிடிக்கலாம். முன்னங்காலுக்குப் பின்னால் நெஞ்சின் சுற்றளவையும், தோள் முனையிலிருந்து பின்தொடை முனைவரை உடலின் நீளத்தையும் சென்டிமீட்டரில் அளக்க வேண்டும். சுற்றளவைச் சுற்றளவால் பெருக்கி, அதை நீளத்தால் பெருக்கி, 11,880-ஆல் வகுத்தால் கிலோ எடை கிடைக்கும். சுற்றளவு 160, நீளம் 140 என்றால் எடை சுமார் 300 கிலோ. வளரும் குதிரைக்கு இது சற்று முன்பின் இருக்கும்.

முற்றிய குதிரை தன் எடையில் ஐந்தில் ஒரு பங்கைச் சுமக்கலாம் என்பது பொதுவான அளவு. 300 கிலோ குதிரைக்கு, சேணத்தையும் சேர்த்து 60 கிலோ. நான்கு பல் குதிரைக்கு 15 சதவீதத்தோடு, அதாவது 45 கிலோவோடு நிறுத்திக்கொள்வது உத்தமம். வளர்ந்த ஆள் ஒருவர் சேணத்துடன் ஏறினால் இந்தக் கணக்கு தாண்டிப்போகும் என்பதை மறக்கக் கூடாது. எடை குறைந்த, பழகிய சவாரிக்காரர் கிடைக்கவில்லை என்றால், அந்த ஆண்டு கையில் பிடித்துக் காட்டும் பிரிவோடு திருப்தி அடைவதே நல்லது.

வடசென்னைக்குத் தனிக் கவனம்

ராயபுரத்திலிருந்து எண்ணூர்வரை உள்ள பகுதியில் குதிரையைப் பழக்குவதில் சில தனிச் சங்கடங்கள் உண்டு. கன்டெய்னர் லாரிகள் ஓடும் சாலையில் இளங்குதிரையை நடத்திச் செல்வது தரையாலும் இரைச்சலாலும் இரட்டைத் துன்பம். கடற்கரைக்குப் போகலாம் என்றால், திருவொற்றியூர் முதல் பல இடங்களில் கடல் அரிப்பைத் தடுக்கக் கருங்கல் கொட்டியிருக்கிறார்கள். கல் இடுக்கில் கால் சிக்கினால் தீர்ந்தது. கரைமணலில் தீவனத்தைக் கொட்டிப் போட்டால், தின்னும்போது மணலும் உள்ளே போய்க் குடலில் தங்கி வயிற்றுவலி உண்டாக்கும். தொட்டியில் வைப்பதே முறை.

இவற்றைவிட முக்கியமானது கடலோரப் புழுக்கம். குதிரை தன் உடற்சூட்டை வியர்வையால்தான் தணித்துக்கொள்கிறது. வெப்பமும் ஈரப்பதமும் சேர்ந்த இடங்களில் சில குதிரைகளுக்கு வியர்வை குறைந்து நின்றே போய்விடும். ஓடி வந்த குதிரை வியர்க்காமல், மூக்குத் துளை விரிய மூச்சு வாங்கினால், உடனே நிழலுக்குக் கொண்டுவந்து தண்ணீர் ஊற்றிக் குளிர்விக்க வேண்டும். மருத்துவரிடமும் காட்ட வேண்டும். சித்திரை, வைகாசியில் பகல் நேரப் போட்டிகளைத் தவிர்ப்பது இந்தப் பகுதிக்கு அவசியம்.

தூரமும் ஒரு வேலைதான். ஈரோடு மாவட்டத்தில் ஆடி மாதம் கூடும் அந்தியூர் குருநாதசுவாமி கோயில் சந்தைக்குக் குதிரைகள் பல ஊர்களிலிருந்து வருகின்றன. வடசென்னையிலிருந்து அது சுமார் 400 கிலோமீட்டர். அவ்வளவு தூரம் லாரியில் நின்றபடி வந்த குட்டியை அன்றே களத்தில் இறக்கக் கூடாது. ஒரு நாளாவது ஓய்வு கொடுக்க வேண்டும். முதல் ஆண்டில் போட்டி எதிலும் பெயர் கொடுக்காமல், கூட்டத்தைப் பார்த்துப் பழகுவதற்காக மட்டும் பக்கத்து ஊர் விழாவுக்கு அழைத்துப்போய் வருவதும் நல்ல பயிற்சியே.

புறப்படுமுன் டெட்டனஸ் தடுப்பூசி போடப்பட்டிருக்க வேண்டும். குதிரையை எளிதில் தாக்கும் நோய் அது. கிளாண்டர்ஸ் நோய்க்கு இரத்தப் பரிசோதனையும் அவசியம். அந்த நோய்க்குத் தடுப்பூசி கிடையாது, மனிதருக்கும் தொற்றும். வடசென்னை விவசாயிகளுக்கு இதில் ஒரு வசதி உண்டு. 1903-இல் தொடங்கப்பட்ட சென்னை கால்நடை மருத்துவக் கல்லூரி வேப்பேரியில் இருக்கிறது. 1989-இல் அமைந்த கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் தலைமையிடம் மாதவரம் பால்பண்ணையில் இருக்கிறது. போட்டிக்குப் பெயர் கொடுக்கும் முன் குட்டியின் வாயையும் காலையும் அங்கே காட்டி யோசனை கேட்பதில் தயக்கம் வேண்டாம்.

அவசரத்தின் விலை

பந்தயக் குதிரைகளை இரண்டு வயதிலேயே ஓடவிடுகிறார்களே என்று கேட்பவர்கள் உண்டு. அந்தக் குதிரைகளுக்கு எடை குறைந்த சவாரிக்காரர், பதப்படுத்திய ஓடுதளம், அளந்து வைத்த தீவனம், அருகிலேயே மருத்துவர் என்று எல்லாம் இருக்கின்றன. ஒன்று நொண்டினால் அடுத்ததை வாங்கும் வசதி அதன் சொந்தக்காரருக்கு இருக்கிறது. ஒரே குதிரை வைத்திருக்கும் விவசாயிக்கு அந்த ஒப்பீடு பொருந்தாது.

ஆள் ஏறிக் காட்டினால்தான் சந்தையில் விலை ஏறும் என்ற வாதமும் உண்டு. உண்மைதான். ஆனால் ஐந்து வயதில் சரியாக வேலைக்கு வந்த குதிரை, பேணிக் காத்தால் பதினெட்டு வயதுவரை உழைக்கும். இரண்டாண்டு அவசரத்துக்காகப் பதின்மூன்று ஆண்டு உழைப்பைப் பணயம் வைப்பது எந்தக் கணக்கிலும் சேராது. முதுகு போன குதிரைக்கும் கொள்ளும் புல்லும் போட்டுத்தான் ஆகவேண்டும். அதை விற்பதென்றால், வாங்குகிறவர் கண்ணை மறைத்து விற்க வேண்டும்.

விழாக் குழுக்கள் செய்யவேண்டியது

பொறுப்பு முழுவதையும் விவசாயியின் தலையில் கட்டுவதும் நியாயமல்ல. பிரிவு எப்படியோ அப்படித்தான் குதிரை வரும். உயரத்துக்குப் பரிசு வைத்தால் உயர்ந்த குட்டி வரும். அதன் வயதை யாரும் கேட்கமாட்டார்கள்.

வேறு வழி இல்லாமல் இல்லை. கொங்கு நாட்டு ரேக்ளாப் பந்தயங்களில் 200 மீட்டர், 300 மீட்டர் என்று தூரத்தைப் பிரித்து, பல் பார்த்து இளங்காளைகளைக் குறைந்த தூரத்தில் விடும் வழக்கம் இருக்கிறது. வடநாட்டு மார்வாரிக் குதிரைக் காட்சிகளில் பால் பல் குட்டிகளுக்கு 'ஆதந்த்' என்றும், இரண்டு பல் குட்டிகளுக்கு 'தோ தந்த்' என்றும் தனித்தனிப் பிரிவுகள் உண்டு. உலக அளவில் நடக்கும் இளங்குதிரைகளின் நடைப்பயிற்சிப் போட்டியிலும் ஐந்து, ஆறு, ஏழு வயதுக் குதிரைகள் தனித்தனியாகத்தான் மோதுகின்றன. அங்கே ஐந்து வயதுதான் தொடக்கமே என்பது கவனிக்கத்தக்கது.

இங்குள்ள விழாக் குழுக்களும் இதைச் செய்யலாம். உயரக்கோல் பிடிக்கும் இடத்திலேயே ஒரு கால்நடை மருத்துவரை நிறுத்தி, ஒவ்வொரு குதிரையின் வாயையும் பார்க்கச் சொன்னால் ஒரு நிமிடம்தான் கூடுதலாகும். கடைப்பல் சேராத குதிரைக்குப் பந்தயத்தில் இடமில்லை என்று நோட்டீசிலேயே அச்சிட வேண்டும். பால் பல், இரண்டு பல் குட்டிகளுக்குக் கையில் பிடித்துக் காட்டும் பிரிவும், நான்கு பல் குதிரைகளுக்கு நடையும் ஓட்டநடையும் மட்டும் உள்ள சவாரிப் பிரிவும் வைக்க வேண்டும். அந்தப் பிரிவுகளில் வேகத்துக்குப் பரிசு வேண்டாம். பழக்கத்துக்கும் பராமரிப்புக்கும் பரிசு தரட்டும். தொகை சிறிதாக இருந்தாலும் போதும். நன்கு வளர்த்தவருக்கு நான்கு பேர் முன்னிலையில் கிடைக்கும் பெயர், அடுத்த ஆண்டு பத்துப் பேரை அந்த வழியில் திருப்பும்.

அதுவரை, குதிரை வளர்க்கும் விவசாயி தன் குட்டிக்குத் தானே நடுவராக இருக்க வேண்டியதுதான். காளைக்குப் பார்த்த அதே பல்லைக் குதிரைக்கும் பார்த்துவிட்டுப் பெயர் கொடுத்தால், குதிரையும் நிலைக்கும், அதை நம்பிய குடும்பமும் நிலைக்கும்.